கேள்வித்தாளோடு வரும் பிள்ளைகளுக்கு முதலில் பயிற்சி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் முதுநகரைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பொங்கல் முடிந்துவிட்டால் எங்கள் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் வரத் தொடங்கிவிடுவார்கள். சமூகப்பணி படிக்கிறவர்கள், நர்சிங் படிக்கிறவர்கள், உளவியல் படிக்கிறவர்கள் எல்லாரும் கையில் கேள்வித்தாள் கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்குவார்கள், மார்ச்சுக்குள் ஆய்வேட்டை முடித்துக் கொடுத்தாக வேண்டும் என்ற அவசரம் முகத்திலேயே தெரியும். சுனாமியில் பிள்ளையை இழந்த தாய்மாரின் மனநிலை, குடிக்கிறவர்களின் மனைவிமார் படும் பாடு, குடும்ப வன்முறை, வளரிளம் பெண்களின் மன அழுத்தம், இப்படித்தான் தலைப்புகள் இருக்கும். தலைப்பில் தவறே கிடையாது, இதையெல்லாம் யாராவது கேட்டு எழுதத்தான் வேண்டும். அந்தப் பிள்ளைகளையும் நான் குறை சொல்லவில்லை, வெயிலில் வந்து நிற்கிற அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பியவள் நான். அவர்களை அனுப்பி வைக்கிற துறைகளிடமும் வழிகாட்டிப் பேராசிரியர்களிடமும்தான் எனக்குப் பேச்சு. அடியையும் சாவையும் பற்றிக் கேட்கப் போகிற ஒரு பிள்ளைக்கு, எப்படிக் கேட்பது, எப்போது கேட்காமல் எழுந்து வருவது, பதில் வந்த பிறகு என்ன செய்வது என்று ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்காமல் எந்த வீட்டு வாசலுக்கும் அனுப்பாதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே கண்ணால் பார்த்த ஒன்று இருக்கிறது. ஊர்ப் பெயரும் கல்லூரிப் பெயரும் வேண்டாம். சுனாமி குடியிருப்பில் ஒரு வீடு, வாசலில் மாமியார் நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கிறார், கொழுந்தன் உள்ளே செல்போனை சார்ஜ் போட்டுக்கொண்டு நிற்கிறான். வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், நல்ல பிள்ளை, மருமகளுக்கு எதிரே உட்கார்ந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து அதே குரலில், "அக்கா, உங்க வீட்டுக்காரர் உங்களை அடிப்பாரா? எப்பவும், சில சமயம், இல்லை, இந்த மூணுல ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டது. மருமகள் மாமியார் முகத்தைப் பார்த்தாள். "இல்லை" என்றாள். பிள்ளை டிக் போட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. அன்று ராத்திரி அந்த வீட்டில், "வெளியாளுங்ககிட்ட என்னடி சொல்லி வெச்சிருக்க, தேடி வந்து கேக்குறாங்க?" என்று ஆரம்பித்த சண்டை எங்கே போய் முடிந்தது என்பதை மறுநாள் அவள் கன்னத்தில் பார்த்தேன். "மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன் நர்சம்மா, எதாவது களிம்பு குடுங்க" என்றாள். அது மாடியே இல்லாத வீடு.

அந்த ஆய்வேட்டில் அவள் "வன்முறைக்கு ஆளாகாதவர்" என்ற கணக்கில்தான் சேர்ந்திருப்பாள். ஆக, அவளுக்கு அடியும் விழுந்தது, புள்ளிவிவரமும் பொய்யானது.

இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று யாரும் புதிதாக யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2001-லேயே குடும்ப வன்முறை ஆய்வுக்கு என்று தனியாகப் பாதுகாப்பு விதிகளை எழுதி வெளியிட்டிருக்கிறது. பதில் சொல்கிறவரின் பாதுகாப்பும் ஆய்வாளரின் பாதுகாப்பும்தான் முதல் விதி, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆய்வுக்கு "குடும்ப வன்முறை ஆய்வு" என்று ஊருக்குள் பெயர் சொல்லக் கூடாது, பெண்கள் உடல்நலம் பற்றி என்று பொதுவாகச் சொல்ல வேண்டும். யாராவது உள்ளே வந்துவிட்டால் பேச்சை மாற்றுவதற்கு என்றே சமையல், தண்ணீர், பிள்ளைகளின் தடுப்பூசி என்று வேறு கேள்விகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும்தான் கேட்க வேண்டும். இந்த விதிகளை வைத்துக்கொண்டு அவர்கள் பத்து நாடுகளில் 24,000-க்கும் அதிகமான பெண்களிடம் பேசி 2005-ல் அறிக்கை வெளியிட்டார்கள். கேள்வி கேட்கப் போன பெண்களுக்கு மூன்று வாரம் போல முழுப் பயிற்சி கொடுத்த பிறகுதான் களத்தில் இறக்கினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக உங்களிடம்தான் இதைச் சொல்கிறேன் என்று அந்த ஆய்வில் எத்தனையோ பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி இருந்ததால்தான் அந்த வாய் திறந்தது.

நம் நாட்டிலும் இது நடக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் வன்முறை பற்றிய பகுதியை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும்தான் கேட்பார்கள், தனிமை கிடைக்கவில்லை என்றால் அந்தப் பகுதியையே விட்டுவிடுவார்கள். அப்படி எடுத்த 2019–21 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் இருக்கும் மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். இந்திய அளவில் அது 29.3 சதவீதம். படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னால் நிற்கும் மாநிலத்தில் இந்தக் கணக்கு ஏன் இப்படி இருக்கிறது, இங்கே அடி அதிகமா, வெளியே சொல்லும் தைரியம் அதிகமா, இரண்டுமா என்று உட்கார்ந்து ஆராய வேண்டிய ஆட்கள் நம் கல்லூரிகளில்தான் உருவாக வேண்டும். அதே கணக்கெடுப்பில் இன்னொன்றும் இருக்கிறது. அடிபட்ட பெண்களில் நாடு முழுக்க 14 சதவீதம் பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள், 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் வாயும் திறக்கவில்லை. அந்த 77 பேரில் ஒருத்தியின் எதிரில்தான் நம் மாணவி பேனாவோடு உட்கார்ந்திருக்கிறாள்.

சரி, ஒருத்தி நம்பிக்கை வந்து வாயைத் திறந்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன? "நன்றி அக்கா" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புவதா? 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மாவட்டத்துக்குப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், அவர் சம்பவ அறிக்கை எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்புவார், வீட்டைவிட்டுத் துரத்த முடியாதபடி உத்தரவு வாங்கலாம், இலவச வக்கீல் கிடைப்பார் என்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. வந்த பிள்ளைக்கும் தெரியாது. 181 என்ற பெண்கள் உதவி எண், 1098 என்ற குழந்தைகள் உதவி எண், மனநல ஆலோசனைக்கு 14416, இந்த மூன்று எண்களையாவது மனப்பாடமாக வைத்திருந்து, சமயம் பார்த்து வாய்மொழியாகச் சொல்லப் பழக்க வேண்டும். துண்டுச்சீட்டில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு வந்தால் அந்தச் சீட்டு புருஷன் கையில் கிடைக்கும், அதற்கும் அவள்தான் அடி வாங்குவாள்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு, சென்னையில் இருந்து வருகிறவர்களுக்கு இது சட்டென்று புரியாது. கடலூரும் புதுச்சேரியும் பின்னிக் கிடக்கின்றன. முள்ளோடை எல்லையைத் தாண்டினால் வேறு ஆட்சி, வேறு காவல்துறை, வேறு பாதுகாப்பு அலுவலர். தேவனாம்பட்டினத்துப் பெண்ணைப் பாகூர் பக்கம் கட்டிக் கொடுத்திருப்பார்கள், அடி தாங்காமல் தாய்வீட்டுக்கு வந்து நிற்பாள், இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் போ என்பார்கள், அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் போ என்பார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே மனு போடலாம், அதாவது தாய்வீட்டில் இருந்தபடியே. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் எத்தனையோ பெண்கள் பஸ் ஏறி ஏறி அலைந்திருக்க மாட்டார்கள். இங்கே ஆய்வு செய்ய வருகிறவருக்கு இந்த எல்லைக் கதை பாடத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் பயிற்சி இல்லாமல் போவது இன்னும் ஆபத்து. ஒப்புதல் படிவத்தில் "நீங்கள் சொல்வது எல்லாம் ரகசியமாக வைக்கப்படும்" என்று ஒரு வரி எல்லாக் கல்லூரிப் படிவத்திலும் இருக்கும். பதினைந்து வயதுப் பெண் அதை நம்பி, வீட்டுக்குள்ளேயே தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொல்லிவிடுகிறாள் என்று வையுங்கள். 2012-ன் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் விட்டால் 21-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. இதில் ஆய்வாளர், மாணவர் என்று யாருக்கும் விலக்கு இல்லை. இப்போது அந்த மாணவி ரகசியம் என்று கொடுத்த வாக்கை மீறுவாளா, சட்டத்தை மீறுவாளா? இரண்டுமே அந்தக் குழந்தையைத்தான் பாதிக்கும். ஆரம்பத்திலேயே, "நீ சொல்றதை யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா உனக்கு யாராவது கெடுதல் செய்யறாங்கன்னு தெரிஞ்சா உன்னைக் காப்பாத்தறதுக்காகச் சிலபேர்கிட்ட சொல்லியாகணும்" என்று குழந்தைக்குப் புரியும்படி சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேசுவதா வேண்டாமா என்பதை அதன் விருப்பத்துக்கு விட வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை இயல்பாகச் சொல்லவே ஒரு பிள்ளைக்குப் பல தடவை ஒத்திகை தேவைப்படும். கல்லூரிகளில் ஆய்வுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழு இருக்கிறது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் விரிவான வழிகாட்டு நெறிகளைக் கொடுத்திருக்கிறது, ஆனால் குழு காகிதத்தைத்தான் பார்க்கிறது, களத்தில் அந்தப் பிள்ளை எப்படித் தடுமாறுகிறது என்று பார்ப்பதில்லை.

சுனாமியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, எங்கள் பக்கத்துக்கு ஆய்வாளர்கள் கூட்டமாக வரத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கடலூரில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146 என்று ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் 2005-ல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. படகு கரைக்கு வரும் நேரம், மீன் எடுக்கப் பெண்கள் கரையில் நின்றார்கள், நீந்தத் தெரியாது, இடுப்பில் பிள்ளை, சுற்றிக்கொண்ட சேலை. மிச்சமிருந்தவர்கள் தார் ஷீட் கொட்டகைகளில் மாதக்கணக்கில் கிடந்தார்கள், ஒரு மறைப்பு கிடையாது, உள்ளே வெக்கை, ஆண்கள் பலர் குடியில் விழுந்தார்கள். அப்போது வந்த ஆய்வாளர்கள், "எத்தனை பேரை இழந்தீர்கள், தூக்கம் வருகிறதா, கெட்ட கனவு வருகிறதா" என்று கேட்டார்கள். கேட்டது சரிதான். ஆனால் கேட்காமல் விட்டது எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்ட பிறகு பிள்ளைகளை மொத்தமாகக் கடலுக்குக் கொடுத்த பெண்கள் எங்கள் ஊர்களில் இருந்தார்கள். அரசு அவர்களுக்கு மறுபடி கருக்குழாய் இணைப்பு அறுவை செய்ய உதவி அறிவித்தது. பலருக்கு அது ஒரு வாசல்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே அறுவைதான் சில வீடுகளில் தினசரிச் சண்டைக்கும் காரணமாயிற்று. உடம்பும் மனசும் ஒத்துழைக்காத பெண்ணிடம், "ஆபரேஷன் பண்ணியும் ஏன் தங்கலை?" என்று மாதா மாதம் கேட்பார்கள், வேறு கல்யாணம் செய்துகொள்வேன் என்று புருஷன் மிரட்டுவான், தீட்டு வந்த நாளில் வீட்டில் அடுப்பு எரியாது. என் பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. அந்த ஆய்வாளர்களின் தாளிலும் கிடையாது. பிள்ளையை இழந்த துக்கம் ஒரு ஆய்வு, குடும்ப வன்முறை வேறு ஒரு ஆய்வு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், ஆனால் ஒரே பெண்ணின் ஒரே நாளில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. மனக்காயம், வீட்டு வன்முறை, மீண்டு எழுவது மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஆய்வாளர்கள் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்புறம், மனக்காயம் கேள்வித்தாளில் இருக்கிற வடிவத்திலேயே வந்து நிற்காது. எங்கள் சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்கள் மனசு சரியில்லை என்று வரமாட்டார்கள். நெஞ்சு படபடப்பு, தலைபாரம், உடம்பெல்லாம் எரிச்சல், சத்து ஊசி ஒன்று போடுங்கள் என்று வருவார்கள். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்து இங்கே எச்சரிக்கை கொடுத்தார்களே, அன்று மேட்டுப் பக்கம் ஓடி வந்த ஒரு அம்மாவைப் பிடித்து உட்கார வைத்தேன். கையில் பக்கத்து வீட்டுப் பிள்ளை. தன் பிள்ளை இல்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை, மணிக்கட்டை விட மாட்டேன் என்கிறார், பிள்ளை வலியில் அழுகிறது. அதற்குச் சில மாதம் முன்பு ஒரு ஆய்வில் அவர் எல்லாக் கேள்விக்கும் "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். கேட்டவர்கள் பொய் எழுதவில்லை, அவரும் பொய் சொல்லவில்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்லிக் கொடுப்பதுதான் பயிற்சி.

சுனாமிக்குப் பிறகும் எங்கள் மாவட்டத்தைக் காலம் விடவில்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு போயின, முந்திரி உடைத்துப் பிழைத்த பெண்களுக்கு வேலை போயிற்று. 2015 நவம்பரில் வெள்ளம். 2024-ல் ஃபெஞ்சல் புயல், தென்பெண்ணையில் வந்த தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் பிறகு வீட்டில் பணம் இல்லை, ஆண் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறான், குடிக்கிறான், கை நீள்கிறது. நிவாரணத் தொகை யார் கைக்குப் போகிறது என்பதில் தொடங்கும் அடிதடியை நான் எல்லாத் தடவையும் பார்த்திருக்கிறேன்.

வீட்டு வன்முறையைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அது சின்ன வயதோடு போய்விடுவதில்லை என்று நிரூபித்ததும் ஆய்வாளர்கள்தான். அமெரிக்காவில் சான் டியாகோவில் உடல் எடை குறைக்கும் சிகிச்சைக்கு வந்தவர்களில், நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிடுவதை மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி கவனித்தார். ஏன் என்று உட்கார்ந்து கேட்டபோது சிறுவயதுப் பாலியல் கொடுமைகள் வெளியே வந்தன. அதிலிருந்து வளர்ந்த ஆய்வில் 9,500-க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயது அனுபவங்களைக் கேட்டு, அடி, அவமானம், தாய் அடிபடுவதைப் பார்ப்பது போன்றவை கூடக்கூடப் பெரியவர் ஆனபின் இதய நோய், குடி, தற்கொலை முயற்சி எல்லாம் கூடுகின்றன என்று 1998-ல் அவரும் ராபர்ட் ஆண்டாவும் மற்றவர்களும் வெளியிட்டார்கள். ஒரு டாக்டர் நோயாளி வராமல் போனதற்காகக் கோபப்படாமல் காரணம் கேட்டதில் தொடங்கியது இது. இப்படி எதிர்பாராத பதிலுக்குக் காது கொடுக்கும் பழக்கம்தான் நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

மீண்டு எழுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இங்கேதான் அதிகக் குழப்பம் நடக்கிறது. ஹவாயில் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடி, சண்டை என்று மிக மோசமான சூழலில் வளர்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கு பேர் நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்களைத் தாங்கியவற்றில் முக்கியமானது, பெற்றோர் சரியில்லாவிட்டாலும் பாட்டியோ சித்தியோ ஆசிரியரோ, விட்டுப் போகாத ஒரு பெரியவர். எங்கள் ஊரில் இதை நான் நேரிலேயே பார்த்தேன். அப்பா குடித்துவிட்டு வந்தால் ஓடிப்போய்ப் படுத்துக்கொள்ள ஆயா வீடு இருந்த பிள்ளைகள் படித்தார்கள். மகளிர் குழுவில் சேர்ந்து தலைச்சுமையாக மீன் விற்றுத் தன் பெயரில் நாலு காசு சேர்த்த பெண் எதிர்த்துப் பேசினாள். ஊர்ப் பஞ்சாயத்தும் சில சமயம் காப்பாற்றியது, பல சமயம் அபராதம் போட்டுக் கணவனோடேயே அனுப்பி வைத்தது.

ஆனால் "கடற்கரைப் பெண்கள் எதையும் தாங்குவார்கள்" என்று எழுதிவிட்டுப் போகும் ஆய்வேடுகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. தாங்குகிறாள் என்று எழுதினால் அதிகாரிக்கு வேலை மிச்சம். ஆலோசகர் போட வேண்டாம், தங்கும் விடுதி வேண்டாம், ராத்திரி பத்து மணிக்குப் போன் எடுக்க ஆள் வேண்டாம். ஒரு பெண் மீண்டாள் என்றால் எதைப் பிடித்துக்கொண்டு மீண்டாள், யார் கை கொடுத்தது, அந்தக் கை பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று தேடிப் பார்ப்பதுதான் ஆய்வு. மீளாதவள் பலவீனமானவள் என்ற எண்ணம் அந்தப் பிள்ளைகளின் மண்டையில் ஏறிவிடக் கூடாது.

கேட்கப் போகிற பிள்ளைகளின் மனசைப் பற்றி யாருமே பேசுவதில்லை. ஒருநாள் மதியம் ஒரு மாணவி என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். சாப்பிடச் சொன்னால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள், வாயில் வைக்கவில்லை. கேட்டதற்கு, "அந்த அக்கா சொன்னதெல்லாம் எங்க அம்மாவுக்கும் நடக்குதும்மா, நான் இதை யார்கிட்ட சொல்றது" என்றாள். வழிகாட்டியிடம் சொன்னாயா என்றேன். இன்னும் எத்தனை படிவம் பாக்கி என்று மட்டும்தான் கேட்பார்களாம். பிறர் துன்பத்தைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கும் மனக்காயம் உண்டாகும் என்று மெக்கான், பேர்ள்மன் என்ற உளவியலாளர்கள் 1990-லேயே எழுதிவிட்டார்கள். 38 சதவீதம் என்ற கணக்கு மாணவிகளின் வீட்டையும் சேர்த்துத்தான். வாரம் ஒருமுறை அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்து, படிவக் கணக்கை விட்டுவிட்டு, என்ன கேட்டாய், எது உன்னை உறுத்துகிறது என்று கேட்க ஒரு அனுபவசாலி வேண்டும். தனியாக அனுப்பாமல் இருவராக அனுப்ப வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை வீடுதான் என்று வரம்பு வைக்க வேண்டும். முடியவில்லை, தலைப்பை மாற்றிக்கொள்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் மதிப்பெண்ணில் கை வைக்கக் கூடாது.

ஒரு நாள் கருத்தரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுத்துவிட்டு இதைப் பயிற்சி என்று சொல்லாதீர்கள். சுனாமி முடிந்த கையோடும் இப்படித்தான் ஒருநாள் ஆலோசனைக் கூட்டங்கள் போட்டு, செத்ததை எல்லாம் மறுபடி மறுபடி சொல்லச் சொல்லி அழவைத்துவிட்டுப் போனார்கள். நடந்ததை ஒரே அமர்வில் தோண்டிக் கேட்பது பயன் தராது என்பது இன்றைக்கு உலக சுகாதார நிறுவனமே சொல்வது. மனநல முதலுதவிக்கு என்று 2011-ல் அவர்கள் வெளியிட்ட கையேட்டில், பேசு என்று வற்புறுத்தாதே, பக்கத்தில் இரு, தண்ணீர் வேண்டுமா, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேள், சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிடு என்றுதான் இருக்கிறது. முப்பது வருசம் நாங்கள் செய்ததும் நல்ல நாளில் அதுதான்.

நம்மிடம் வசதி இல்லாமல் இல்லை. சிதம்பரத்தில் 1929-ல் இருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், கோரிமேட்டில் ஜிப்மர். எல்லாம் ஒரே கடற்கரையில், பஸ் ஏறினால் போய்ச் சேருகிற தூரம். சமூகப்பணி, உளவியல், மனநலம், சமுதாய மருத்துவம் இவற்றைச் சேர்த்து மூன்று இடமும் ஒன்றுகூடிக் களத்துக்குப் போகும் முன் குறைந்தது இரண்டு மூன்று வாரம் ஒரு பாடத்திட்டம் வைக்க முடியாதா? பாதி நேரம் வகுப்பில், பாதி நேரம் அனைத்து மகளிர் காவல் நிலையம், பாதுகாப்பு அலுவலர் அலுவலகம், சுகாதார நிலையம் என்று நேரில். ஒருத்தி மருமகளாக, ஒருத்தி மாமியாராக உட்கார்ந்து நடித்துப் பார்க்கட்டும், மாமியார் உள்ளே வந்தால் பேச்சை எப்படி மாற்றுவது என்று வகுப்பிலேயே தடுமாறிக் கற்றுக்கொள்ளட்டும். யாழ்ப்பாணத்தில் போர் நடந்த காலத்திலேயே மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு இருந்தவர்களும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் தமிழிலேயே பயிற்சி கொடுத்தார்கள், மனவடுவை ஒரு ஆளோடு நிறுத்தாமல் குடும்பம், ஊர் என்று சேர்த்துப் பார்த்தார்கள். குண்டு விழுகிற ஊரில் முடிந்தது, இங்கே முடியாதா?

பாடம் நடத்தப் பேராசிரியர்கள் மட்டும் போதாது. அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர், மீன் விற்கும் பெண்கள், அடிபட்டு நீதிமன்றம் ஏறி இறங்கி இன்று சொந்தக் காலில் நிற்கும் பெண்கள், இவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மதிப்பூதியமும் கொடுத்துக் கேளுங்கள். எந்த நேரத்தில் போனால் ஆண்கள் கடலில் இருப்பார்கள், எந்த வீட்டில் பேசக் கூடாது, தண்ணீர்க் குழாயடியில் என்ன பேசலாம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். முடிந்த ஆய்வைத் திருப்பிக் கொண்டுவந்து எங்கள் ஊரில் படித்துக் காட்டுங்கள். எத்தனையோ பேர் கேட்டு எழுதிப் போனார்கள், என்ன எழுதினோம் என்று சொல்ல ஒருவரும் திரும்பி வந்ததை நான் பார்க்கவில்லை.

இந்த வருசத்து மாணவர்கள் தலைப்பு முடிவு செய்யும் நேரம் நெருங்குகிறது. கடலூர், புதுச்சேரிக் கல்லூரிகளின் துறைத் தலைவர்கள் இந்தக் கடிதத்தைப் பார்த்தால், பிள்ளைகளை அனுப்புவதற்கு முன் ஒரு நாள் எங்களைக் கூப்பிடுங்கள். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர்கள் இந்தச் சுற்றில் சிலர் இருக்கிறோம், எல்லாரிடமும் பேசிவிட்டேன், வரத் தயாராக இருக்கிறார்கள். கேள்வித்தாளையும் முன்கூட்டியே காட்டுங்கள், எந்தக் கேள்வியை மாமியார் எதிரில் கேட்டால் என்ன ஆகும் என்று வரிக்கு வரி சொல்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
கடலூர் முதுநகர்.